தனியாக நடக்காத பையனும் வாராவாரம் ஊட்டிப் பயணமும்

பந்தலூர் பக்கம் எஸ்டேட் லைன் வீட்டில் இருக்கும் உங்கள் தங்கை மகனைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். பையனுக்கு ஒரு வயது பத்து மாதம். ஏழு வாரம் முன்னாடியே பிறந்தவன். கையைப் பிடித்துக்கொண்டால் நாலடி வைக்கிறான், விட்டால் உட்கார்ந்துவிடுகிறான். ‘அம்மா’, ‘தா’ என்று இரண்டே சொல். ஊட்டியில் பார்த்த டாக்டர், “வளர்ச்சித் தாமதம், வாராவாரம் தெரபிக்குக் கூட்டிட்டு வாங்க” என்றிருக்கிறார். அம்மாச்சியோ, “ஆம்பளப் புள்ள, மூணு வயசுல தானா எல்லாம் வரும்” என்கிறார். காத்திருக்கலாமா, தங்கச்சி கொழுந்து பறிக்கிற வேலையை விட்டுவிட்டு வாராவாரம் ஊட்டி போக வேண்டுமா, பக்கத்திலேயே அரசாங்க உதவி ஏதும் உண்டா என்று கேட்கிறீர்கள்.

காத்திருக்க வேண்டாம். ஆனால் வாராவாரம் ஊட்டிக்குப் போனால்தான் ஆச்சு என்பதும் இல்லை. தூரத்தில் மட்டுமே கிடைக்கிற காரியங்களை ஒன்றிரண்டு பயணத்தில் முடித்துக்கொண்டு, மற்றதை வீட்டிலும் அங்கன்வாடியிலும் கூடலூரிலும் பார்த்துக்கொள்ள வழி இருக்கிறது. நான் இந்த மாவட்டத்தில் பல வருடமாகச் சின்னப் பிள்ளைகளுக்குப் பிசியோதெரபி செய்கிறவள். பையனை நேரில் பார்க்காமல் என்ன நோய் என்று நான் சொல்ல மாட்டேன். எதை, யாரிடம், எந்த வரிசையில் கேட்க வேண்டும் என்று சொல்ல முடியும்.

நீங்கள் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: “எட்டு மாசத்துலேர்ந்தே எதைக் கொடுத்தாலும் இடது கையாலதான் வாங்குவான், அவன் தாத்தாவும் இடக்கைக்காரர்.” மற்ற எல்லாவற்றையும்விட அந்த வரிதான் எனக்கு உறுத்தியது. ஒரு வயதுக்குள் எந்தக் குழந்தைக்கும் வலக்கை, இடக்கை என்ற பழக்கம் அவ்வளவு தெளிவாக வராது. எந்தக் கைக்குப் பக்கத்தில் பொருள் இருக்கிறதோ அந்தக் கையை நீட்டும். எட்டு மாதத்திலேயே ஒரு கையை மட்டும் நீட்டினால், அந்தக் கை கெட்டிக்காரக் கை என்று சந்தோஷப்படுவதற்கு முன் மற்ற கை ஏன் சும்மா இருக்கிறது என்று பார்க்க வேண்டும். குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு மூளையின் ஒரு பக்கத்தில் கொஞ்சம் ரத்தக்கசிவோ பாதிப்போ ஏற்பட்டிருந்தால், எதிர்ப்பக்கக் கையும் காலும் பின்தங்கும். மூளை பாதிப்பால் கை கால் அசைவு தடைபடுகிற பெருமூளை வாதத்தில் இது ஒரு வகை. தாத்தாவைப் போல இடக்கைப் பழக்கமாகவும் இருக்கலாம்தான். ஆனால் அதைச் சொல்ல வேண்டியவர் பையனைத் தொட்டுப் பார்த்த டாக்டர்.

இன்றைக்கே வீட்டில் கவனிக்கலாம். பையனை மடியில் உட்கார வைத்து, இடது கையைச் சும்மா விளையாட்டாகப் பிடித்துக்கொண்டு வலது பக்கத்தில் ஒரு பிஸ்கெட்டை நீட்டச் சொல்லுங்கள். வலது கை வருகிறதா? வந்தால் விரல்கள் விரிகின்றனவா, கட்டை விரல் உள்ளங்கைக்குள் மடங்கியே கிடக்கிறதா? பெஞ்சைப் பிடித்து நிற்கும்போது வலது குதிகால் தரையில் படுகிறதா? அப்புறம் அவனுடைய பழைய காலுறைகளை எடுத்துப் பாருங்கள். வலது காலுறை மட்டும் நுனியில் தேய்ந்து ஓட்டையாகியிருந்தால் அதுவே ஒரு சாட்சி. இதையெல்லாம் போனில் இரண்டு நிமிட வீடியோவாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரியில் பையன் அழுதுகொண்டிருப்பான், டாக்டருக்கு ஒன்றும் காட்ட மாட்டான். வீட்டில் எடுத்த வீடியோ அங்கே நிறைய வேலை செய்யும்.

அம்மாச்சி சொல்வதற்கு வருகிறேன். முன்கூட்டிப் பிறந்த குழந்தைக்கு இரண்டு வயது வரை வயதைத் திருத்தித்தான் கணக்குப் போட வேண்டும். ஏழு வாரத்தைக் கழித்தால் அவனுக்கு இப்போது இருபது மாதத்துக்குக் கொஞ்சம் மேல். உலக சுகாதார நிறுவனம் இந்தியா உட்பட ஐந்து நாட்டுக் குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வில், தனியாக நடக்கத் தொடங்கும் காலம் 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதம் வரை. அவ்வளவு விசாலமான காலம் அது. ஆகவே பதினைந்து மாதத்தில் நடக்கவில்லை என்று ஓடி வருகிறவர்களை நானே சமாதானம் சொல்லி அனுப்புவேன். ஆனால் உங்கள் பையன் திருத்திய வயதிலும் அந்த எல்லையைத் தாண்டிவிட்டான். குறைமாதம் என்பது இனிமேல் காரணமாக நிற்காது. பேச்சும் அப்படித்தான். ஆண் குழந்தைகள் சராசரியில் கொஞ்சம் பிந்திப் பேசுவது உண்மை. அந்த வித்தியாசம் வாரக்கணக்கிலோ ஓரிரு மாதக் கணக்கிலோதான் இருக்கும், வருடக்கணக்கில் இருக்காது. பொதுவாகப் பதினாறு மாதத்தில் ஒரு சொல்லும் இல்லை, இரண்டு வயதில் இரண்டு சொல்லைச் சேர்க்கவில்லை என்றால் பார்க்க வேண்டும் என்பது வழக்கம்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒன்று. கைக்குழந்தை தூங்கி எழுந்ததும் அடுத்தடுத்து உடம்பைக் குலுக்கி, தலை கவிழ்ந்து, கைகளை விரிப்பதைச் சில வீடுகளில் ‘திடுக்கிடுது’, ‘வயித்து வலி’ என்று விட்டுவிடுகிறார்கள். கொத்துக்கொத்தாக அப்படி வந்தால் அது வலிப்பாக இருக்கலாம். அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். எந்த வயதிலும், பேசிக்கொண்டிருந்த பிள்ளை பேச்சை நிறுத்தினாலும், செய்துகொண்டிருந்ததை மறந்தாலும் அதே அவசரம்தான்.

சரி, தூரத்துக் காரியங்கள். முதலில் காது. “கூப்பிட்டால் திரும்புகிறான், கேட்கிறது” என்பீர்கள். கதவு சாத்துவதும் நாய் குரைப்பதும் கேட்கிற குழந்தைக்கு ‘ஸ’, ‘ச’ போன்ற மெல்லிய ஒலிகள் கேட்காமல் போகலாம். குறைமாதத்தில் பிறந்து பச்சிளங்குழந்தைப் பிரிவில் இருந்தவனுக்குக் காதுப் பரிசோதனை, பெரா (சத்தத்துக்குக் காது நரம்பும் மூளையும் பதில் தருகின்றனவா என்று பார்ப்பது) உட்பட, செய்தாக வேண்டும். பிறந்து ஒரு மாதத்துக்குள் சோதனை, மூன்று மாதத்துக்குள் முடிவு, ஆறு மாதத்துக்குள் சிகிச்சை என்பதுதான் உலகம் முழுக்கச் சொல்லும் கணக்கு. அது கடந்துவிட்டது என்பதற்காக இன்னும் தள்ளிப்போடக் கூடாது. கேட்கவில்லை என்று தெரிந்தால் காது மெஷின் உண்டு. அதில் பலன் இல்லாத குழந்தைக்கு ஆறு வயதுக்குள் உட்காதில் காக்ளியர் என்ற கேட்கும் கருவியைப் பொருத்தும் அறுவை சிகிச்சை முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் வருகிறது. இரண்டாவது கண். குறைமாதக் குழந்தைக்கு விழித்திரைப் பரிசோதனை முதல் மாதத்திலேயே செய்திருப்பார்கள், சீட்டைத் தேடிப் பாருங்கள். அப்போது சரியாக இருந்தாலும் மாறுகண், பார்வைக் குறைவு பிறகு வரலாம். மூன்றாவது ரத்தப் பரிசோதனை: தைராய்டு, ரத்தசோகை, டாக்டர் சொன்னால் வைட்டமின் பி12. இந்த மூன்றும் மருந்தால் சரிசெய்யக்கூடியவை என்பதால் விட்டுவிடக் கூடாது. பிறவியிலேயே தைராய்டு சுரக்காத குழந்தைக்கு முதல் சில வாரத்துக்குள் மாத்திரை ஆரம்பித்தால் மூளை தப்பிக்கும், அதனால்தான் பிறந்தவுடன் பார்க்கச் சொல்கிறோம். நான்காவது, அந்த வலது கை விஷயம். இதைக் குழந்தைகள் நரம்பியல் டாக்டரிடம் வாயைத் திறந்து கேளுங்கள். எம்.ஆர்.ஐ. வேண்டுமா என்பதை அவர் சொல்வார்; கோவை வரை போக வேண்டி வரலாம்.

இந்தப் பரிசோதனைகள் முடிந்து நோய்க்கு ஒரு பெயர் வரட்டும், அப்புறம் பயிற்சி ஆரம்பிக்கலாம் என்று உட்கார்ந்துவிடாதீர்கள். அது மலையில் நான் அதிகம் பார்க்கிற வீண் தாமதம். ஸ்கேனுக்கு நாள் கிடைக்கவில்லை, மழையில் மரம் விழுந்து ரோடு அடைபட்டது, தங்கச்சிக்கு லீவு இல்லை என்று பாதி வருடம் ஓடிவிடும். பயிற்சிக்குப் பெயர் தேவையில்லை. பையனால் என்ன முடிகிறது, அடுத்து என்ன வர வேண்டும் என்பது தெரிந்தால் போதும்.

இப்போது வாராந்தரத் தெரபிக்கு வருவோம். பந்தலூரிலிருந்து கூடலூர், அங்கிருந்து ஊட்டிக்கு இன்னும் 50 கிலோமீட்டர் போல. நடுவட்டம் வளைவுகளில் பையன் வாந்தி எடுப்பான், இறங்கும்போது தூங்கி வழிவான், வெள்ளைக் கோட்டைக் கண்டால் அழுவான். முக்கால் மணி நேரத் தெரபியில் அரை மணி சமாதானத்தில் போய்விடும். திரும்பி வந்தால் ஒரு நாள் கூலியும் போச்சு. அந்த வாரத்தில் அவன் விழித்திருக்கும் மற்ற நேரமெல்லாம் யாரோடு கழிகிறது? அம்மாச்சியோடும் பிள்ளைக்காப்பக ஆயாவோடும். பயிற்சி போய்ச் சேர வேண்டிய இடம் அவர்கள் கை. தெரபிஸ்டின் உண்மையான வேலை அவர்களுக்குக் கற்றுக்கொடுப்பதும், மாதம் ஒரு முறையோ இரண்டு வாரத்துக்கு ஒரு முறையோ பார்த்துத் திருத்துவதும்தான். தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் 1981-ல் தொடங்கிய அமர் சேவா சங்கம் இப்படித்தான் கிராமம் கிராமமாகச் செய்கிறது. பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர் வீட்டுக்கே போய்த் தாய்க்குச் சொல்லிக்கொடுக்கிறார், தெரபிஸ்டுகள் பின்னாலிருந்து வழிநடத்துகிறார்கள். நீலகிரிக்கு அதுதான் பொருந்தும் என்பது என் அபிப்பிராயம்.

ஆகவே ஊட்டியிலோ கூடலூரிலோ தெரபிஸ்டிடம் மூன்று விஷயம் கேளுங்கள்: “இந்த மாசம் வீட்டில் என்ன செய்யணும்? எனக்குச் செஞ்சு காட்டுங்க. இப்ப நான் செய்றேன், சரியா பாருங்க.” குழந்தையை உள்ளே வாங்கிக்கொண்டு அம்மாவை வெளியே உட்கார வைத்துக் கதவைச் சாத்துகிற இடத்துக்கு அவ்வளவு தூரம் பஸ் ஏறிப் போவதில் அர்த்தமில்லை. முடிந்தால் அம்மாச்சியையும் ஒரு தடவை கூட்டிப் போங்கள். “தானா வரும்” என்பவர், தன் கையால் செய்து பையன் ஒரு அடி வைத்ததைப் பார்த்துவிட்டால் அப்புறம் அவர்தான் எல்லோரையும் விரட்டுவார்.

தெரபிஸ்ட் பார்க்கும்வரை தவறில்லாமல் செய்யக்கூடியவை சில உண்டு. சுவரோரப் பெஞ்சில் அவனுக்குப் பிடித்த பொருளை நெஞ்சு உயரத்தில் வைத்து நிற்க விடுங்கள். நிற்கிற இடத்திலிருந்து கொஞ்சம் வலப்பக்கமாகத் தள்ளி வைத்தால், பெஞ்சைப் பிடித்தபடி பக்கவாட்டில் அடி வைப்பான், வலது காலில் பாரம் விழும். இரண்டு கையும் இல்லாமல் முடியாத வேலைகளாகக் கொடுங்கள். மூடி இறுக்கமான சம்படத்துக்குள் ஒரு பிஸ்கெட்டைப் போட்டுக் கொடுத்தால், ஒரு கை பிடிக்க வேண்டும், ஒரு கை திறக்க வேண்டும். பெரிய பந்து, சப்பாத்தி மாவு, துணி பிழிவது எல்லாம் அதே ரகம். சந்தையில் ஊட்டி கேரட் இலையோடு கிடைத்தால் அதைவிட நல்ல பொம்மை இல்லை. ஒரு கையால் கேரட்டைப் பிடித்து மறு கையால் இலையைப் பிய்ப்பான், எவ்வளவு நேரம் ஆனாலும் சலிக்க மாட்டான். வாயில் போடாமல் பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும், அவ்வளவுதான். நல்ல கைக்கு உறை மாட்டி மற்றக் கையை வேலை வாங்கும் முறையும் உண்டு. பலன் நிரூபிக்கப்பட்ட முறைதான் அது. ஆனால் எவ்வளவு நேரம், எப்படி என்பதைத் தெரபிஸ்ட் சொல்லாமல் நீங்களாக ஆரம்பிக்க வேண்டாம்.

சக்கரம் வைத்து நடுவில் உட்கார வைக்கிற பிளாஸ்டிக் வாக்கர் வாங்கித் தரலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். குழந்தை நுனிக்காலால் உந்தப் பழகும், நடை பிந்தும், லைன் வீட்டுப் படிக்கட்டில் உருண்டால் தலையில் அடி. கனடாவில் 2004-லேயே அதன் விற்பனையைத் தடைசெய்துவிட்டார்கள். நின்று தள்ளுகிற நம்ம மரநடைவண்டி வேறு. அதைத் தரலாம், சக்கரம் வழுக்கி ஓடாமல் பார்த்துக்கொண்டால் சரி.

குளிரைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் ஊர்களில் பிள்ளையை ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர், குல்லா, கையுறை எனக் கட்டி இடுப்பிலேயே வைத்திருக்கிறோம். தரை சில்லென்று இருப்பதால் கீழே விடுவதில்லை. இதனால் மட்டும் தாமதம் வந்துவிடாது. ஆனால் ஏற்கனவே பின்தங்கிய குழந்தைக்குத் தரைதான் பள்ளிக்கூடம். வெயில் வந்ததும் கம்பளியை மடித்துப் போட்டு, கையுறையைக் கழற்றி, ஸ்வெட்டர் கையை முழங்கை வரை சுருட்டி விடுங்கள். அடுப்பங்கரை கதகதப்பாக இருக்கிறது என்று அங்கே விடாதீர்கள்.

பேச்சுக்கு அம்மாச்சிதான் சாவி. அன்பான பாட்டிகள் பேரன் கண்ணைப் பார்த்தே தண்ணீரா பாலா என்று தெரிந்துகொண்டு கையில் கொடுத்துவிடுவார்கள். பையனுக்குக் கேட்க வேண்டிய தேவையே வராது. டம்ளரைக் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டு, “பாலா, தண்ணியா?” என்று கேட்டுவிட்டுச் சும்மா இருக்கச் சொல்லுங்கள். மனதுக்குள் ஐந்து எண்ணும் வரை. அவன் கை நீட்டினாலும் ‘பா’ என்றாலும் அது பதில்தான், உடனே கொடுக்க வேண்டும். “சொன்னாத்தான் தருவேன்” என்று அழவிடுவது வேண்டாம். போனில் பாட்டுப் போட்டுக் கொடுத்தால் பேச்சு வரும் என்பதும் நடக்காது. இரண்டு வயது வரை திரையே வேண்டாம் என்பதுதான் இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் அறிவுரை.

ஆயா மலையாளம் பேசுவதால்தான் குழம்பிவிட்டான், ஒரே மொழி பேசுங்கள் என்று யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். கூடலூர், பந்தலூரில் தமிழும் மலையாளமும் பணியர் மொழியும் ஒரே வாசலில் ஓடுகின்றன, கோத்தகிரிப் பக்கம் வீட்டில் படுகு மொழி, வெளியே தமிழ். இத்தனை தலைமுறையும் இப்படித்தான் பேசக் கற்றது. இரண்டு மொழி கேட்பதால் பேச்சுத் தாமதம் வருவதில்லை என்று ஆய்வுகளும் தெளிவாகச் சொல்கின்றன. சொற்களை எண்ணும்போது மட்டும் எல்லா மொழிச் சொல்லையும் சேர்த்து எண்ணுங்கள். ஆயாவிடம் தண்ணீருக்கு மலையாளத்தில் ‘வெள்ளம்’ என்று கேட்கிறானா என்று விசாரியுங்கள், அதுவும் கணக்கில் உண்டு.

இனி அரசாங்க உதவி. 2013-ல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தில், பிறப்பு முதல் பதினெட்டு வயது வரை பிறவிக் குறைபாடு, வளர்ச்சித் தாமதம் எல்லாம் பார்க்க நடமாடும் மருத்துவக் குழு இருக்கிறது. அங்கன்வாடிக்கு வருடம் இரண்டு முறை வரும். உங்கள் பையன் பிள்ளைக்காப்பகத்திலேயே இருந்து, அங்கன்வாடிப் பதிவேட்டில் பெயர் இல்லாவிட்டால் அந்தக் குழுவின் கண்ணில் படவே மாட்டான். எஸ்டேட் குழந்தைகள் இப்படி விடுபடுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். முதல் வேலையாக அங்கன்வாடி டீச்சரிடம் பெயரைப் பதிந்து, குழு எப்போது வரும் என்று கேட்டு வையுங்கள். கிராம சுகாதார செவிலியரிடமும் சொல்லுங்கள். அந்தக் குழு அனுப்பி வைக்கிற இடம்தான் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையம், ஆஸ்பத்திரிக்காரர்கள் ‘டி.இ.ஐ.சி.’ என்பார்கள். குழந்தை டாக்டர், பிசியோ, பேச்சு, காது, கண் எல்லாம் ஒரே கூரைக்குள் இருக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். எல்லாப் பதவியிலும் எப்போதும் ஆள் இருப்பார்கள் என்று நான் உறுதி கொடுக்க மாட்டேன். ஆனால் கட்டணம் கிடையாது. முன்கூட்டிச் சொன்னால் காது, கண், டாக்டர் மூன்றையும் ஒரே நாளில் முடித்துத் தரச் சொல்லிக் கேட்கலாம்.

உங்களுக்குப் பக்கத்தில் இருப்பதும், பலருக்குத் தெரியாததும் வட்டார வள மையம். பந்தலூர் தாலுகா கூடலூர் வட்டாரத்தில் வருகிறது. பள்ளிக்கல்வித் துறையின் ஒருங்கிணைந்த பள்ளிக்கல்வித் திட்டத்தின் கீழ் அங்கே சிறப்பாசிரியர்களும் பிசியோதெரபிஸ்டும் உண்டு. பள்ளி என்ற பெயரைப் பார்த்து, ஐந்து வயதானால்தான் என்று நினைத்துவிடுகிறார்கள். தமிழ்நாட்டில் பிறந்த குழந்தையிலிருந்தே பதிந்துகொள்ளலாம். வர முடியாத பிள்ளைக்கு வீட்டுக்கு வந்து பார்க்கும் ஏற்பாடும் அதில் இருக்கிறது. ஊட்டியில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில், ஆறு வயதுக்குட்பட்டவர்களுக்கான ஆரம்பநிலை மையம் எது அருகில் என்றும், மாற்றுத்திறனாளிகளுக்கான தமிழக அரசின் ‘உரிமைகள்’ திட்டத்தில் திறக்கும் ‘விழுதுகள்’ சேவை மையம் உங்கள் பக்கம் உண்டா என்றும் கேளுங்கள்.

இவற்றில் எதற்கும் முதலில் சான்றிதழ் வேண்டும் என்று யாராவது திருப்பி அனுப்பினால் ஏற்காதீர்கள். பரிசோதனைக்கும் பயிற்சிக்கும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை தேவையில்லை. அட்டை வேண்டியது உதவித்தொகை, பேருந்துச் சலுகை, நிராமயா காப்பீடு போன்றவற்றுக்கு. நிராமயா என்பது தேசிய அறக்கட்டளையின் திட்டம். பெருமூளை வாதம், ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு வருடம் ஒரு லட்சம் ரூபாய் வரை, தெரபிச் செலவும் சேர்த்து. ‘அட்டை வாங்கினால் பிள்ளைக்கு முத்திரை விழுந்துவிடும்’ என்று தங்கச்சி பயப்படலாம். இந்த வயதில் கொடுக்கும் சான்று பெரும்பாலும் தற்காலிகமானது, வளர வளர மறுபடி பார்த்து மாற்றுவார்கள்.

கோவையிலோ வேறெங்கோ ஸ்டெம்செல் ஊசி போட்டால் நடந்துவிடுவான் என்று யாராவது லட்சக்கணக்கில் கேட்டால் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். பெருமூளை வாதத்துக்கோ ஆட்டிசத்துக்கோ அதைச் சிகிச்சையாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஏற்கவில்லை. நகையை அடகு வைத்துப் போட்டுக்கொண்டு வந்தவர்களைத் தெரியும்.

முதல் பயணத்துக்குப் போகும்போது பிரசவ ஆஸ்பத்திரி கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரி, தாய்சேய் நல அட்டை, தலை ஸ்கேன் எடுத்திருந்தால் அதன் சீட்டு, காப்பீட்டு அட்டை, அந்த வீடியோக்கள் எல்லாம் கையில் இருக்கட்டும். சம்மரி தொலைந்துபோயிருந்தால் பிறந்த ஆஸ்பத்திரியில் நகல் கேட்டு வாங்கலாம். வட்டார வள மையத்துக்குக் கிளம்புவதற்கு முன் ஒரு போன் போட்டுவிடுங்கள். பிசியோதெரபிஸ்ட் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு ஊருக்குப் போய்க்கொண்டிருப்பார், கூடலூரில் எந்தக் கிழமை இருப்பார் என்று கேட்டுக்கொண்டு போனால் தங்கச்சிக்கு ஒரு நாள் கூலி மிச்சம்.